நாலு மூலையிலும் மஞ்சள்

பந்தல்குடி
12-8-74

அன்புள்ள மாரிக்கனிக்கு,

உன் மதினி சந்தனம் எழுதுவது. இங்கே அத்தை, உங்க அண்ணன், நான் எல்லோரும் சுகம். நீயும் ஹாஸ்டல் சோற்றைச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ எந்தக் கடுதாசியையும் கடைசி வரியிலிருந்து படிக்கிறவள். அதனால் உனக்கு வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் போய்விட்டது. இன்று மதியம் நானே ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன். ரசீது மிளகாய் வற்றல் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. இருபதாம் தேதிதானே கடைசி, அதற்குள் டெல்லி போய்ச் சேர்ந்துவிடும் என்று போஸ்ட் மாஸ்டர் சொன்னார்.

உங்க அண்ணனிடம் கையெழுத்து வாங்க மூன்று நாள் ஆனது. மாமா இல்லாததால் கார்டியன் என்று அவுகதானே போட வேண்டும். போட மாட்டேன் என்று சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பருத்திக்கொட்டைக் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தார்கள். நரிக்குடிக்காரர்கள் ஆவணி பிறந்ததும் உன்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். பெண் இன்னும் ரெண்டு வருஷம் ஆராய்ச்சி செய்யப் போகிறாள் என்று அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது என்பதுதான் அவுக கவலை. இருக்கிற முகத்தோடு சொல்லுங்கள் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் அவுகளாகவே, அப்படி என்னதான் ஆராய்ச்சி என்று கேட்டார்கள். மழை பொய்த்த வருஷத்தில் கண்மாய் வேலைக்கு மண் சுமக்கப் போகிற பொம்பளைகளைப் பற்றி என்று நீ சொல்லித் தந்ததைச் சொன்னேன். அவுக கடைச் சாவியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அத்தை மண் சுமந்த வருஷம் தன்னைக் கரையில் கருவேல மரத்தில் தொட்டில் கட்டிப் போட்டிருந்தார்கள் என்றும், இதையெல்லாமா டெல்லியில் கேட்கிறார்கள் என்றும் சொன்னார்கள். பிறகு கையைத் துண்டில் துடைத்துவிட்டு இன்பராஜ் என்று கோணாமல் போட்டுத் தந்தார்கள்.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி.

கையெழுத்து வாங்கிய அப்ளிகேஷன் பாரத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நாலு மூலையிலும் மஞ்சள். அத்தை அம்மியில் மஞ்சள் உரசி, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பது போல மூலைக்கு ஒரு விரல் வைத்துவிட்டார்கள். அழுக்கு, கறை, அடித்தல் திருத்தல் இருந்தால் தள்ளிவிடுவார்கள் என்று நீ ரெண்டு கோடு போட்டு எழுதியிருந்தாய். வேறு பாரமும் கிடையாது என்று எழுதியிருந்தாய். எனக்கு இடுப்புக் குடம் நழுவப் பார்த்தது.

கோபத்தில் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அத்தை என்ன சொன்னார்கள் தெரியுமா? பெண்ணின் போட்டோவை ஒட்டி, அண்ணன் கையெழுத்துப் போட்டு, அசலூருக்குப் போகிற காகிதம், நல்ல காரியத்துக்குப் போவது வெறுங்காகிதமாகப் போகலாமா என்றார்கள். நீ காலேஜுக்குப் போன நாளிலிருந்து படிப்பைப் பற்றி அத்தை வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. அன்றைக்குத்தான் நல்ல காரியம் என்று சொன்னார்கள். நான் எப்படிக் கத்துவது?

அத்தை அந்தப் பக்கம் போனதும் சவுக்காரத்தைத் துணியில் தொட்டு ஒரு மூலையைத் துடைத்தேன். மஞ்சள் அப்படியே சிவந்து போயிற்று. எத்தனை கல்யாணத்துக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்திக்கு ஆலம் கரைத்திருக்கிறேன், சவுக்காரமும் அந்த வேலையைத்தான் செய்யும் என்று அந்த நேரத்துக்குப் புத்தியில் வரவில்லை. மஞ்சள் துணியை வெயிலில் போட்டால் வெளுத்துவிடும் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. எழுத்தெல்லாம் மறையும்படி மேலே மணைப் பலகையை வைத்து, மூலையை மட்டும் வெளியே விட்டு, வற்றல் காயப்போடுகிற இடத்தில் வைத்தேன். ஆடுகளுக்கு அன்றைக்கென்று அந்தப் பக்கம்தான் வேலை. கம்பை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உச்சி வரை காவல் இருந்தேன். நம்ம ஊர் வெயிலைத் திட்டாத நாள் எனக்கு அது ஒன்றுதான்.

மூன்று மூலை நன்றாக வெளுத்தது. ஆனாலும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியும். சிவந்த மூலை சிவப்பாகவே இருக்கிறது. இன்னும் காயவிட்டால் தேதிக்குள் டெல்லி போய்ச் சேராதோ என்று பயம். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். உன்னைக் கேட்க நேரமில்லை. கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்துத் தமிழில் எழுதி உள்ளே வைத்துவிட்டேன். எழுதியது இவ்வளவுதான்:

ஐயா, நாலு மூலையில் இருப்பது அழுக்கு இல்லை, மஞ்சள். எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்குப் போகும் காகிதத்துக்கு வைப்பது. இந்தப் பெண்ணின் தாயார் வைத்தார்கள். தாய்க்குச் சம்மதம் என்று அர்த்தம். சிவப்பாக இருக்கும் மூலை நான் துடைத்துக் கெடுத்தது. அந்தத் தப்பு என்னுடையது. அதற்காகப் பெண்ணைத் தள்ளிவிட வேண்டாம். இப்படிக்கு, பெண்ணின் மதினி சந்தனம்.

டெல்லியில் தமிழ் படிக்க ஆள் இருக்குமா என்று தபால் ஆபீசைத் தாண்டி வந்த பிறகுதான் யோசித்தேன். திட்டுவதாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதித் திட்டு. அத்தைக்குத் தெரிய வேண்டாம், அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்,
மதினி சந்தனம்


பந்தல்குடி
3-12-74

அன்புள்ள மாரிக்கனிக்கு,

உன் கடுதாசி நேற்று வந்தது. மேலே என் பேரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று பிரித்தேன். ஆகஸ்டிலிருந்து நீ அண்ணனுக்கு நாலு கடுதாசி எழுதினாய். நாலிலும் மதினி சுகமா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டு வாங்கி வரிக்கு வரி தேடிப் பார்த்தேன். கோபம் நியாயம்தான், ஆனால் ரோஷத்தில் நீ உங்க அண்ணனையும் மிஞ்சிவிட்டாய்.

இந்த மூன்றரை மாசமும் தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். உன் படிப்பைக் கெடுத்தவள் என்ற பேர் வந்துவிடுமோ என்று சோறு இறங்கவில்லை. அத்தை நான் முழுகாமல் இருக்கிறேனோ என்று நினைத்துப் பக்குவம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கூத்தை நேரில் சொல்கிறேன்.

நேற்று வந்த கையோடு படித்தேன், மூன்று தடவை படித்தேன். உதவித்தொகை உனக்குக் கிடைத்துவிட்டது. ரெண்டு வருஷம். மண்ணில் உட்கார்ந்து அழுதேன், வெட்கம் இல்லாமல் சொல்கிறேன்.

மெட்ராஸ் இண்டர்வியூவில் என் தாளைப் பாரத்தோடு குண்டூசி குத்தி வைத்திருந்தார்கள் என்று நீ எழுதியதை நம்பவே முடியவில்லை. அந்தத் தமிழ் தெரிந்த அம்மா அதை எடுத்து நீட்டி, மற்றவர்களுக்கு நீயே இங்கிலீஷில் சொல் என்றார்களா? நீ கோபத்தில் வாய்க்குள்ளேயே முனகியிருப்பாய். கண்மாயில் மண் சுமக்கிற பெண்கள் உன்னிடம் மனசு விட்டுப் பேசுவார்களா என்று கேட்டபோது, அந்தத் தாளை எழுதினவளும் போன வருஷம் மண் சுமந்தவள்தான், அவள் எப்படிப் பேசுகிறாள் என்று நீங்களே படித்துவிட்டீர்களே என்று சொன்னாயாமே. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். கிணற்றடியில் ரெண்டு பேருக்குக் கேட்டால் போதும் என்று பேசுகிறவள் நான், என் எழுத்தை டெல்லிக்காரர்கள் படித்திருக்கிறார்கள்.

நரிக்குடிக்காரர்கள் ரெண்டு வருஷம் காத்திருக்க முடியாது என்று வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு ரெண்டு நாள் முகம் சரியில்லை. நேற்று உன் சேதி வந்ததிலிருந்து கடைக்குப் பருத்திக்கொட்டை வாங்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, என் தங்கச்சிக்கு டெல்லியிலிருந்து ஸ்காலர்ஷிப் என்று சொல்கிறார்கள். மாட்டுக்காரர்கள் பாவம், தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

அத்தைக்கு உன் கடுதாசியை வாசித்துக் காட்டினேன். சவுக்காரக் கதையை மட்டும் விட்டுவிட்டேன். மஞ்சள் வைத்ததால்தான் கிடைத்தது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்கள். யார் இல்லை என்று சொல்வது? பொங்கலுக்கு வரும்போது நீயும் அதையே சொல். நீ நரிக்குடிப் பக்கம் கண்மாய்ப் பெண்களைப் பார்க்கப் போகிற நாளில் துணைக்கு நான் வாரேன். அந்த ஊரில் என்னோடு கூடை தூக்கினவர்கள் பத்துப் பேரையாவது எனக்குத் தெரியும்.

மழை ரெண்டு தூறல் போட்டு நின்றுவிட்டது. சோளம் தேறுமா என்று தெரியவில்லை. அதை விடு.

எனக்குச் சேலை எடுத்து வருவேன் என்று எழுதியிருக்கிறாய். சேலை வேண்டாம். வேறு ஒன்று கேட்கிறேன், சிரிக்கக் கூடாது. ஏழாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். எட்டாவது பரீட்சையை வீட்டிலிருந்து படித்தும் எழுதலாம் என்று நீ எப்போதோ சொன்னாய். இந்த வயதிலும் எழுதலாமா என்று விசாரி. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. கையெழுத்துக்கு மூன்று நாள் நடந்தாலும் நடக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் உன் பேச்சு எடுபட வேண்டும். வரும்போது அந்தப் பரீட்சைப் பாரம் ஒன்று வாங்கி வா தாயி. மடங்காமல் கொண்டு வா. மூலைக்கு மஞ்சள் வைத்துத் தரச் சொல்லி அத்தையிடம் இந்தத் தடவை நானே கேட்பேன்.

உன் மதினி,
சந்தனம்