அண்ணனைக் கேட்காமல் பேசிய பேச்சு

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உடம்புதான் நலம், மனசு ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. இந்த ஒரு வரிக்குள் இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தேன். நடந்து நடந்து தரையைத் தேய்க்காதீங்க, வேற தரை போட நம்மகிட்ட வழியில்ல என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? டிவியில் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா, முன்னறையில் தும்மினால் பின்னறையிலிருந்து துண்டு வரும், உன் அண்ணன் காதில் விழாமல் இங்கே எதைப் பேச முடியும்? எட்டு நாளாக நீ கூப்பிட்டும் அவன் போனை எடுக்காததற்குக் காரணம் சொல்ல வேண்டும், அதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை நீ சட்டசபையில் பேசியதை டிவியில் காட்டியபோது அவன் முன்னறையில் தையல் மிஷின் ஒன்றை ரிப்பேருக்காகப் பிரித்து வைத்திருந்தான். மிஷின்காரி, அடுத்த தெரு தையல்காரம்மா, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நீ பஸ்ஸில் ஏற முடியாதவர்களைப் பற்றிப் பேசியபோது அந்தப் பக்கத்து உறுப்பினர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடக்க முடியாதவர்களுக்கான அலுவலகத்தை லிப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் வைத்திருப்பதையும், உதவித்தொகைக்காக வருஷா வருஷம் ஆளே நேரில் ஏறிப்போய்க் கைரேகை வைக்க வேண்டியிருப்பதையும் நீ சொன்னாய். போன வருஷம் என் அண்ணனை மூணு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள், படித் திருப்பத்தில் கை நழுவியது, அந்த இடத்தில் என் அண்ணன் குழந்தை மாதிரி அழுதார் என்றாய். சபை அப்படியே அடங்கிப்போனது. இங்கே தையல்காரம்மா, ஐயோ பாவம், இத்தனை நாளா சொல்லவே இல்லையேப்பா என்று அவன் தோளைத் தொட்டாள். அவன் டிவியை நிறுத்தினான். மிஷினை நாளைக்கு வந்து வாங்கிக்கங்க அக்கா என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் அம்மாவிடம், என்னைப் பத்திப் பேசினா பேசட்டும்மா, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல என்றானாம்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு ஜீப் வந்து நின்றது. அந்த அலுவலகத்து அதிகாரி, குமாஸ்தா, ரேகை வைக்கிற மிஷின், கூடவே போட்டோ எடுக்க ஒருவர். கதவு திறப்பதற்குள் குமாஸ்தா வாயெல்லாம் பல்லாக நின்றார், போன வருஷம் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காத அதே மனிதர். நீங்க அசையவே வேண்டாம் சார், ஒரு விரல் மட்டும் குடுங்க என்றார். உன் அண்ணன் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே, எனக்கு முன்னாடி லிஸ்ட்ல எத்தனை பேர் இருக்காங்க என்று கேட்டான். நாற்பது பேர் இருக்கும் என்றார். அவங்க வீட்டுக்கெல்லாம் போயிட்டு கடைசியா இங்க வாங்க என்றான். அதிகாரி குரலைத் தாழ்த்தி, உங்க தங்கச்சி சபையிலயே பேசியிருக்காங்க, எங்களுக்கு நெருக்கடி, கொஞ்சம் புரிஞ்சுக்கங்க தம்பி என்றார். பேசினது அவ சார், கால் என்னோடது என்றான். விரலைக் கொடுக்கவே இல்லை. மாதக் கடைசிக்குள் ரேகை வைக்காவிட்டால் பேரே பட்டியலில் இருக்காது என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை அவனே மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த அலுவலகப் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டான். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே ஏற்கெனவே கண் தெரியாத பாட்டு வாத்தியார் ஒருவர், இருபது வயது மகனை முதுகில் சுமந்துவந்த ஒரு அம்மா, இன்னும் சிலர். யாரும் ஏற வேண்டாம், அவங்க இறங்கட்டும் என்றான். கத்தவில்லை, கோஷம் போடவில்லை, வாட்ச்மேனை மட்டும் மேலே அனுப்பிச் சொல்லச் சொன்னான். குமாஸ்தா மாடியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். மதியத்துக்கு மேல் ரேகை மிஷினோடு ஒரு மேஜை இறங்கியது கண்ணு! வாட்ச்மேனுடைய சைக்கிளை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் போட்டார்கள். சாயந்திரத்துக்குள் முப்பத்தொரு பேர் ரேகை வைத்தார்கள். இவன் கடைசியாக வைத்தான். அப்பாடா என்று வந்தோம். நேற்றே மேஜை திரும்பவும் மாடிக்குப் போய்விட்டதாம். வந்தவர்கள் கீழேயே நின்றுவிட்டுத் திரும்பினார்களாம். உன் வேலைதான் முடிஞ்சுதே, விடுடா என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான் பார், நான் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். நாளைக்கு மறுபடியும் போகிறான். உன் கட்சிக்காரர் ஒருவர் வந்து, தங்கச்சி சபையில இருக்கும்போது அண்ணன் ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்தா அவங்களுக்குத்தானே கெட்ட பேர் என்றார். அண்ணன் உட்காரலன்னாதான் கெட்ட பேர் என்று அம்மா டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். அவன் அழவில்லை. நாற்காலி சாய்ந்தபோது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அப்பா, மெதுவா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன் என்று சிரித்தான். அந்தப் படியிலேயே உட்கார்ந்து, தூக்க வந்த டீக்கடைக்காரர் முன்னால், வாட்ச்மேன் முன்னால், குழந்தை மாதிரி அழுதது நான். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து டிரைவர்களை அதட்டியவன், அதை உன்னிடம் போனில் சொல்லக் கூச்சப்பட்டு, அண்ணன் அழுதுட்டான்மா என்று சொல்லிவிட்டேன். நீ அதைச் சபை வரை கொண்டுபோவாய் என்று நான் கண்டேனா? இன்று காலை அவனிடம் ஒப்புக்கொண்டேன். ஸ்குரூவைத் திருகிக்கொண்டே, தெரியும்பா, அவ சொல்லும்போதே தெரிஞ்சுடுச்சு, நீங்களா அவகிட்டச் சொல்லணும்னுதான் போன் எடுக்கல என்றான். அப்ப அவ மேல கோபம் இல்லையா என்றேன். இருக்கு, அது வேற, அதை நானே அவகிட்டப் பேசிக்கறேன் என்றான்.

அன்றைக்கு நீ பேசிய மசோதா அடுத்த வாரம் சபைக்குத் திரும்ப வருகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறது. அதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டுமே என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். சபைக் குறிப்பில் உன் பேச்சு அச்சேறிவிட்டதாம், எழுந்து நின்று திருத்திச் சொல். தூக்கப்பட்டவர் சிரித்தார், தூக்கிய அப்பா அழுதார் என்று சொல். யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும், மேஜை கீழேயே நின்றால் போதும். இதற்கு நீ என்னைக் கேட்க வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.

உன் நாக்குக்கும் நெஞ்சுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அம்மா உன்னை இரவில் தலைக்குக் குளிக்காதே என்று எழுதச் சொன்னாள். காலை எட்டு மணிக்கு முன்னால் மிஷின்காரர்கள் வர மாட்டார்கள், அப்போது கூப்பிடு, எனக்கு இல்லை, அவனுக்கு.

உன்னை நினைத்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கும்
அப்பா