லிதியா பாவ்லவ்னா தந்த சால்வை

அன்புள்ள அம்மாவுக்கு கிளாஷாவின் வணக்கம். இருமல் குறைந்ததா? பீட்டர்ஸ்பர்க் குளிரிலும் நான் சுகமே.

வெள்ளிக்கிழமை விருந்தில், நான் குழந்தை பார்க்கும் வீட்டு இசையமைப்பாளர் ஐயா புதுப் பாட்டொன்றைப் பியானோவில் வாசித்தார்.

"யாரை நெனச்சுப் போட்டீங்க?" என்று நண்பர்கள் சீண்டினார்கள்.

"நம்ம கிளாஷாவைத்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள், அவர் மனைவி லிதியா பாவ்லவ்னா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் தன் சால்வையை என் தோளில் போர்த்தி, "உங்க ஊர்ல குளிர் ஜாஸ்தியாமே, வச்சுக்கோம்மா" என்றார். பாசமா, ஊருக்குக் கிளம்பு என்கிறாரா? ஐயா சொன்னது விளையாட்டுத்தானா? ஒன்றும் புரியவில்லை. நீங்கள் கவலைப்படாதீர்கள்.

கம்பளிக் காலுறை பின்னி அனுப்புங்கள். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நானே வந்துவிடுவேனோ என்னவோ.

உள்ளே கூப்பிடுகிறார்கள்.

உங்கள் கிளாஷா