அப்பா நின்ற இடங்களில் பெஞ்சு

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம் என்று எப்போதும் எழுதுவேன், அதில் பாதி உனக்காகப் பூசி மெழுகியது என்று உனக்கும் தெரியும், இந்த முறை பூச்சில்லாமல் சொல்கிறேன், நலமாகத்தான் இருக்கிறோம். பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்குக் கால் ஓரளவு ஊன்றிக்கொண்டது, பேச்சுதான் திக்கித் திணறியது. இன்சூரன்ஸ் விற்று வாயாலேயே குடும்பத்தைக் கரையேற்றிய மனுஷன், நாலு பேர் முன்னால் வார்த்தை வராமல் நிற்பதைவிட வீட்டிலேயே கிடக்கலாம் என்று முடிவு கட்டிவிட்டார். தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர், எங்கே நடப்பது? நம் தெரு உனக்குத் தெரியாததா, நடைபாதை முழுக்க வண்டி, வண்டி இல்லாத இடத்தில் பள்ளம். அதனால் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் நடந்து, நாற்காலியில் இடித்துக்கொண்டு, அந்தக் கோபத்தை என்மேல் காட்டிக்கொண்டு இருந்தார்.

நம் கட்டிடத்துக்குப் பின்னால் மூடிக் கிடக்குமே பஸ் டிப்போ, அங்கே அடுக்குமாடி கார் நிறுத்தம் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. கீழ்க்கடை டெய்லருக்கு ஒரே குஷி, வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடமாயிற்று என்று. ஆனால் நகராட்சிக்குப் புதிதாக வந்த நகரமைப்பு அதிகாரி, உன் வயதுப் பெண், எந்நேரமும் துணித்தொப்பி போட்டிருப்பதால் நாங்கள் வைத்த பெயர் தொப்பிக்காரி, அவள் பூங்காதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கவுன்சிலரையும் எங்களையும் நட்டநடு மத்தியானத்தில் டிப்போவுக்கே வரவழைத்துக் கூட்டம் போட்டாள். சிமெண்ட் தரை தோசைக்கல் மாதிரி கொதித்தது, பேசப் பேச ஒவ்வொருவராக மதிலோரத்து மரத்தடிக்கு நகர்ந்துவிட்டோம், முதல் ஆள் கவுன்சிலர். அவள் வெயிலிலேயே நின்று, "சார், இந்தத் தெரு ஜனங்களுக்கு ஒதுங்க வேற இடமே இல்ல, இதையும் காருக்குக் குடுத்துட்டா எங்க போவாங்க? வெயில் அடிச்சா சூடு வீட்டுக்குள்ள ஏறுது, மழை பெஞ்சா தண்ணி டெய்லர் கடைக்குள்ள போகுது. மண்ணும் மரமும் இருந்தா ரெண்டையும் அது வாங்கிக்கும்" என்றாள். போன மழையில் நனைந்த துணிக்கட்டு டெய்லருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், பூங்காவே இருக்கட்டும் என்று தலையாட்டினார். அப்படியும் சுலபத்தில் முடியவில்லை, எத்தனையோ கூட்டம், எத்தனையோ இழுபறி, கடைசியில் ஓரமாகக் கொஞ்சம் வண்டிக்கு, மற்றதெல்லாம் பூங்காவுக்கு என்று ஆயிற்று.

அதோடு விட்டாளா, ஒருநாள் நம் வீட்டுக் கதவைத் தட்டினாள். அப்பாவைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஐயா, எங்கூட டிப்போவுல ஒரு சுத்து நடக்கறீங்களா? எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க நின்னுடுங்க. பேசவே வேணாம்" என்றாள். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு எழுந்து போனார் பார், எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, அந்தப் 'பேசவே வேணாம்'தான் அவரைக் கிளப்பியிருக்கும். அவர் மூச்சு வாங்கி நின்ற இடத்திலெல்லாம் அவளும் நின்றாள், அவசரமே படவில்லை, தரையில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிட்டு மறுபடி நடந்தாள். இன்றைக்கு அந்தக் குறி இருந்த இடங்களில் எல்லாம் பெஞ்சு இருக்கிறது, ஊன்றி எழுந்திருக்கக் கைப்பிடியோடு, ஒன்றில் உட்கார்ந்தால் அடுத்தது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. எத்தனையோ பூங்கா பார்த்திருக்கிறேன், களைத்துப் போனவரைக் கேட்டுப் பெஞ்சு போட்டதை இங்கேதான் பார்க்கிறேன்.

பூங்கா திறந்த வாரம் அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், டெய்லர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ இடுப்பைப் பிடித்துக் காட்டி வெகுநேரம் முயன்று, "பேன்ட்... லூசு" என்றார். டெய்லர் மறுநாளே டேப்போடு வந்து பூங்காவிலேயே அளவெடுத்தார், சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அப்பா சத்தம்தான் பெரிசு. இப்போது தினமும் என்னை விட்டுவிட்டுத் தனியாகவே கிளம்பிவிடுகிறார். தொப்பிக்காரி போன வாரம் வந்தாள், நாங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டு பாராட்டினால், "அந்தக் கன்னு பட்டுப் போச்சு, மாத்தணும்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து மண்ணைக் கிளறிப் பார்க்கிறாள். இவளைப் பெற்றவள் புண்ணியவதி.

நீயும் அந்த அடுக்குமாடியிலேயே அடைந்து கிடக்காதே, பக்கத்தில் மரம் மட்டை உள்ள இடமாகப் பார்த்துக் குட்டியை மண்ணில் விளையாட விடு, சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மறந்துவிடாதே, போனில் அப்பா வார்த்தையைத் தேடும்போது நீ எடுத்துக் கொடுத்துவிடுகிறாய், ஆசையில்தான் செய்கிறாய், தெரியும். இனிமேல் பொறுத்துக் கேள். மெதுவாக வரும், ஆனால் அவருடையதாக வரும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா