மூன்றாவது பெட்டி வாசல்

ஜூலை 20, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. கோலப்பொடி தரையில் நிற்கவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து நேராக ஸ்டேஷன்.

இன்று எங்கள் ரயில் நிலைய நண்பர்கள் குழு சுத்தம் செய்யும் நாள். பதினோரு பேர். புல் செதுக்கியாச்சு, தண்ணீர்த் தொட்டி கழுவியாச்சு, பெஞ்சுக்குப் பெயிண்ட். டிக்கெட் கொடுக்கும் பரமசிவம் அண்ணன் எல்லாருக்கும் டீ வாங்கினார். பாயசம் மாதிரி இனிப்பு, யாரும் வாய் திறக்கவில்லை.

வெள்ளைப் பெயிண்ட் மிச்சம். பிளாட்பாரக் கோடிக்குக் கொஞ்சம் முன்னால், வேப்பமரத்தடியில் ஒரு பழைய தகரப் பலகை. ஒரே துரு, நடுவில் மங்கலாக இரண்டு வட்டம், என்னவென்றே புரியவில்லை. வெள்ளை அடித்து, இரண்டு செம்பருத்தி வரைந்து, ‘நல்வரவு’ என்று எழுதினேன். எனக்கே பிடித்துப்போனது. போட்டோ எடுத்தார்கள்.

நாளை முதல் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறார். திருச்சியில் மருந்து மொத்தக் கடை, ஃபோனில் ஆர்டர் எடுக்கிற வேலை. குவைத்தில் இடது கால் போய் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். செயற்கைக் கால் பொருத்தி எட்டு மாதம். அதில் ஏழு மாதம் அது பீரோவுக்குப் பின்னால்தான் நின்றது, ஷூ மாட்டியபடி. முன்பெல்லாம் வாயைத் திறந்தால் கேலிதான். குவைத்திலிருந்து ஃபோன் போட்டால் முதலில் என் எடையைத்தான் கேட்பார். இப்போது குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்வதில்லை.

பஸ் நெரிசலில் அவரால் ஏற முடியாது. ரயில்தான் வழி. ஆனால் எங்கள் பிளாட்பாரம் தரையோடு தரை, இரும்புப் படியைப் பிடித்துத் தொத்த வேண்டும். அதற்காகத்தான் குழு ரயில்வேயிடம் அனுமதி வாங்கி, காலை வண்டியின் மூன்றாவது பெட்டி வாசல் வந்து நிற்கிற இடத்தில் சிமெண்ட் மேடை கட்டியது. சரிவுப் பாதை, பக்கத்தில் கைப்பிடி. மேலே நின்றால் அப்படியே பெட்டிக்குள் கால் வைக்கலாம்.

மறக்கக் கூடாதவர்கள்:
சிமெண்ட் கொடுத்த குளத்தூர்க் கடைக்காரர்.
கல் சுமந்த நூறு நாள் வேலை அக்காமார்.
கைப்பிடிக்கு வெல்டிங் வைத்தவர். பெயர் கேட்காமல் விட்டேன்.
அனுமதிக்கு நடையாய் நடந்த ப. அண்ணன்.
அளவெடுக்க மூன்று தடவை வந்த ரயில்வே இன்ஜினியர்.

சட்டை அயர்ன் பண்ணியாச்சு.

ஜூலை 21, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

7.40 வண்டி. மேடை மேல் அவர், புதுச் சட்டை, டிபன் பை. வண்டி வந்தது. நிற்கும் என்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் போய் நின்றது. மேடைக்கு நேரே வெறும் ஜன்னல். வாசல் பதினைந்தடி தள்ளி, கீழே வெறும் தரை. தினமும் அதில் போகிற நர்ஸ் ஷாகிதா உள்ளேயிருந்து ஓடிவந்து கை நீட்டினாள். பின்னாலிருந்து இரண்டு பேர் அவரைத் தூக்கிவிட வந்தார்கள்.

“தொடாதீங்க” என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிஷம் நிற்கிற வண்டி. போய்விட்டது.

வீடு திரும்பினோம். காலைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தார். கடைக்கு நான்தான் ஃபோன், காய்ச்சல் என்று பொய். வியாழக்கிழமை வந்து சேர்ந்தால் போதும் என்றார்கள். நல்ல மனுஷர்கள்.

டிரைவர் மேல் அப்படியொரு ஆத்திரம். கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டு ஓட்டுவானா ஒருத்தன். புகார்க் கடிதம், இரண்டு பக்கம். சாயங்காலம் திருச்சியிலிருந்து திரும்பிய வண்டி மட்டும் மேடைக்கு நேராக நின்றதாம், ஷாகிதா மெசேஜ். படித்ததும் இன்னும் எரிந்தது.

பருப்பு தீய்ந்துபோனது.

ஜூலை 22, செவ்வாய்

வெயில். அவர் சுவரைப் பார்த்துப் படுக்கை. இட்லி இரண்டு, அதுவும் வற்புறுத்தி.

கடிதத்தோடு ஸ்டேஷன். ப. அண்ணன் படித்தார், மடித்தார், முகம் சரியில்லை. காலை வண்டி கார்டு அவரிடம் விஷயம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“தங்கச்சி, அந்த வேப்பமரத்துப் பலகையில எட்டுன்னு நம்பர் இருந்துச்சு. எட்டுப் பெட்டி வண்டின்னா இன்ஜின் அதுக்கு நேராத்தான் நிக்கணும். பழைய டிரைவருங்க மரத்தப் பாத்தே நிப்பாட்டிருவாங்க. நேத்து வந்தவரு இங்கிட்டுப் புதுசு. பலகையத் தேடியிருக்காரு.”

தேடியவருக்குக் கிடைத்தது என் செம்பருத்தி. சாயங்கால வண்டிக்குப் பலகை அந்தக் கோடியில். அதை நான் தொடவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தைக் கிழித்தேன். முகம் தெரியாத ஒரு மனுஷரை இரண்டு பக்கத்துக்குத் திட்டியிருக்கிறேன். ப. அண்ணன் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது தான்தானே என்றார்.

இன்ஜினியருக்கு நானே ஃபோன் செய்தேன். “பூவெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. பலகைய மட்டும் தொடாதீங்க” என்றார். ரயில்வே ஆள் வந்துதான் எழுத வேண்டும், வெள்ளிக்கிழமை ஆகிவிடும்.

வேலை வியாழன். பலகை வெள்ளி.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கோழை.

ஜூலை 23, புதன்

மதியம் சோறு போடும்போது சொல்லிவிட்டேன். “வண்டி தள்ளி நின்னது உங்க தலையெழுத்து இல்லீங்க. நான் பண்ணுன வேலை.” பலகை, எட்டு, செம்பருத்தி, எல்லாம். அவர் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் ப. அண்ணனும் ஷாகிதாவும் வந்தார்கள். நாளையும் அதே புது டிரைவர்தானாம். இன்ஜினியர் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: கொடி, விசில் எதுவும் கூடாது, பலகை பக்கத்தில் மஞ்சள் உடுப்பில் ஒரு ஆள் சும்மா நின்றால் போதும், டிரைவருக்குச் சொல்லிவிடுகிறேன் என்று.

“யாரு நிக்கிறது?” இவர்தான் கேட்டார். இரண்டு நாளில் முதல் பேச்சு.

நான் என்றேன். என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். ஷாகிதா காபியைப் பாதியில் வைத்துவிட்டாள்.

மஞ்சள் சேலை ஒன்றுதான் இருக்கிறது, தம்பி கல்யாணத்துக்கு எடுத்தது. ரவிக்கை பிடிக்கிறது. தையல் பிரித்தேன்.

ஜூலை 24, வியாழன்

வானம் மூடாக்கு. தூறல் மாதிரி, ஆனால் தூறவில்லை.

பட்டியலில் சேர்க்க வேண்டியவர்கள்: கார்டு. ஷாகிதா. அந்த டிரைவர். முக்கியமாக அந்த டிரைவர்.

எழுந்து பார்த்தால் பீரோவுக்குப் பின்னால் கால் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தார். அடுப்படியில் போய்க் கொஞ்சம் அழுதேன்.

7.40. அவர் மேடை மேல். நான் வேப்பமரத்தடியில், கல்யாணச் சேலையில், என் செம்பருத்திக்குப் பக்கத்தில். குழு மொத்தமும் பெஞ்சில், சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு. அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் திரும்பியும் பார்க்கவில்லை. வண்டி மெதுவாக, மெதுவாக வந்தது. டிரைவர் ஜன்னல் என் தோளுக்கு நேரே நின்றது. சின்ன வயசு ஆள். நான் திட்டியது தெரியாமல், “சரியா இருக்காம்மா?” என்றார். சாமி கும்பிடுவதுபோல் கும்பிட்டேன்.

கூட்டம் மறைத்தது, அவர் ஏறியதை நான் பார்க்கவில்லை. வண்டி நகர்ந்தது. ஒன்று, இரண்டு. மூன்றாவது பெட்டி ஜன்னலில் அவர். யாரும் தொடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என்னைத் தாண்டும்போது தலையை நீட்டி, பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“பலகை முந்திக்கு இப்ப ரொம்ப அகலமாயிருச்சே.”

இரண்டு வருஷம் கழித்து ஒரு கேலி. ஆவூர் மாதா கோயிலுக்குப் பெரிய மெழுகுவர்த்தி.

நாளை ஆள் வந்து எட்டு எழுதிவிடுவாராம். திங்கள்கிழமை எழுதினால் போதாதா என்று ப. அண்ணனிடம் கேட்டிருக்கிறேன்.