பிள்ளைக் காம்பராவில் ஓடும் இலவச மின்பெட்டி

அனுப்புநர்:
திருமதி ஜெனிற்றா யேசுரத்தினம்,
பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர்,
வெள்ளைப்பாறைத் தோட்டம், தெமோதரை.

பெறுநர்:
மின் அத்தியட்சகர் அவர்கள்,
பதுளை.

விடயம்: எரிபொருளின்றி மின்சாரம் தருவதாகக் கூறப்படும் பெட்டியைப் பரிசோதிக்கக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

இன்று காலை பிள்ளைக் காம்பராவைத் திறந்ததும், தொட்டில்களைக் கட்டுமுன், அவை தொங்கும் இரும்புக் குழாயில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சுருக்கென்று கை தானாக விலகியது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் இது.

1. சென்ற மாதம் ஹாலிஎலயிலிருந்து வந்த நிஷாந்த் என்பவர் இங்கே ஒரு பெட்டியை இலவசமாகப் பொருத்தினார். எண்ணெயோ வெயிலோ வேண்டாம், பூமியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் என்றார். விளக்கு எரிகிறது. பெட்டியின் கம்பியொன்றைத் தொட்டில் குழாயில் முறுக்கியிருக்கிறார். வெளியாட்களுக்கு இதைக் காட்டியே வேறு பெட்டிகளை விற்கிறார். திறந்து பார்க்க விடுவதில்லை.

2. நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவள். ஒன்றுமில்லாததிலிருந்து மின்சாரம் வராது என்றேன். படித்தவர்களுக்கு நம்பிக்கை குறைவு என்று சிரித்தார்.

3. பெட்டி முனகத் தொடங்கினால் பிள்ளைகள் அழுவதில்லை. கண்களைத் திறந்தபடி அதன் பக்கமே பார்த்துக் கிடக்கின்றன. சென்ற செவ்வாய்க்கிழமை மலை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அதே கணத்தில் பெட்டியும் நின்றது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அழத் தொடங்கின. தானே மின்சாரம் தரும் பெட்டி ஏன் நிற்க வேண்டும்? பின்சுவரில் புதிதாகச் சாந்து பூசிய கோடு ஒன்று மின்கம்பத்தை நோக்கிப் போவதை அன்றுதான் கண்டேன்.

4. தாய்மார் பெட்டியின் மேல் மாதா சொரூபம் வைத்திருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அந்தக் குழாயைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். "டீச்சர், மாதா வெரலப் புடிச்ச மாதிரி இருக்கு" என்றார் அவர்களில் ஒருவரான மரியகொரட்டி. மின்கசிவு என்றேன். "ஒங்க கையிலயும் ஏறுதுல்ல, அப்புறம் என்ன?" என்றார். அது அருளாகவே இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியதை மறைக்கவில்லை.

5. மழை கூடக் கூடக் குழாயில் ஏறும் மின்சாரமும் கூடுகிறது. நேற்று மகளைத் தூக்க வந்த மரியகொரட்டியின் கை குழாயில் ஒட்டிக்கொண்டது. அவரது சேலையைப் பிடித்து இழுத்துத்தான் விடுவித்தேன். மாதா அவரை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டதாக லயக் குடியிருப்புகளில் பேசிக்கொள்கிறார்கள். இன்று குழாயைத் தொட இன்னும் பலர் வந்தார்கள்.

6. நிர்வாகத்தினர் இருக்கும் தோட்டக் கந்தோரில் முறையிட்டேன். சும்மா கிடைக்கும் வெளிச்சத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆகவே தங்கள் உத்தியோகத்தர்கள் நேரில் வந்து, தாய்மார் பார்த்திருக்க அந்தப் பெட்டியையும் சுவரையும் திறந்து காட்டும்படி தயவாய்க் கேட்கிறேன். நான் சொன்னால் நம்பமாட்டார்கள்.

நாளை நான் தொட்டில்களைக் கட்டப்போவதில்லை. பிள்ளைகளை என் வீட்டுத் தரையில் பாய்விரித்துக் கிடத்துவேன். காம்பராவைப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்துக்கொள்வேன். மாதாவிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தவள் என்பார்கள். தாய்மாரிடமோ கந்தோரிலோ இதை இன்னும் சொல்லவில்லை.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஜெ. யேசுரத்தினம்

இடம்: தெமோதரை
திகதி: 2024.11.07