ஹின்டருக்குப் பின்னால் ஃப்ரொம்

இன்று மொழிபெயர்க்க வந்த அறிக்கையொன்றில் ‘ஹின்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் என் பேனை நின்றுவிட்டது. முன்னேறவிடாமல் தடுப்பது என்று பொருள். அதைச் சரியாக எழுத எனக்குச் சொல்லித் தந்தது நீர்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நிவாரண அலுவலகத்துக்கு ஒரேயொரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். சிநேகிதிகள் நாம் இருவரும் விண்ணப்பித்திருந்தோம். ஆங்கிலத்தில் நீர்தான் கெட்டிக்காரி. உரும்பிராயில் உம்முடைய வீட்டு விறாந்தையில் சேர்ந்து படித்தோம். அந்தச் சொல்லுக்குப் பின் நான் எப்போதும் ‘டு’ போடுவேன்.

“‘டு’ இல்லையப்பா, ‘ஃப்ரொம்’!” என்று சிரிப்பீர். உள்ளே படுக்கையில் கிடந்த உம்முடைய அம்மா, “என்ன பிள்ளையள் சிரிக்கிறியள்?” என்று கேட்பார்.

நேர்முகத் தேர்வுக்கு ஆளுக்கொரு சைக்கிளில் சேர்ந்தே புறப்பட்டோம். கோண்டாவிலைத் தாண்டும்போது குண்டு போடும் பொம்பர் விமானம் உரும்பிராய்ப் பக்கம் திரும்பியது. நீர் சைக்கிளை நிறுத்தினீர்.

“அம்மா தனிய. நான் திரும்பிப் போறன். நீர் போம்.”

“நானும் வாறன்.”

“உமக்கென்ன விசரே? ஐ வோன்ட் ஹின்டர் யூ ஃப்ரொம் கோயிங். உம்மை நான் மறிக்கமாட்டன். ஓடும், நேரம் போகுது!”

நான் போனேன்.

அன்று குண்டு வேறெங்கோ விழுந்தது. வேலை எனக்குக் கிடைத்தது. வந்து சொன்னபோது என்னைக் கட்டிப்பிடித்தீர். “ரண்டு பேரிலை ஆருக்குக் கிடைச்சாலென்ன?” நீர் கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவோ இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்த மாரியில் உமக்குக் கடுங்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. மருந்து லொறிகள் வழியில் மறிக்கப்படுவதைப் பற்றி அந்த வாரம் ஆங்கிலத்தில் எழுதியது நான்தான். ஃப்ரொம் போடவேண்டிய இடத்தில் ஃப்ரொம்தான் போட்டேன். லொறி வருமுன் நீர் போய்விட்டீர்.

உம்முடைய அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கண்ணும் நினைவும் மங்கியபின், நான் சோறு தீத்தும்போது என்னை உம்முடைய பெயரால்தான் கூப்பிடுவார்.

“பிள்ளை, உன்ரை சிநேகிதி ஏன் இப்ப வாறதில்லை?”

“அவளுக்கு வேலை கூடிப்போச்சு, அம்மா.”

அம்மாவும் போய்ப் பல வருடங்கள். தெருவில் யாராவது உம்முடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், இன்றும் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.