தும்மினால் நனைகிறது

ஜூன் 16, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஸ்கூல் திறந்து இன்னும் ஃபேன் ரிப்பேர் பண்ணலை.

கடைசி பீரியட், பத்தாம் வகுப்பு, முக்கோணவியல். சாக்பீஸ் தூசி. ஒரே ஒரு தும்மல். சாம்பல் கலர் பேன்ட், முன்பக்கம் உள்ளங்கை அளவு ஈரம். முதல் பெஞ்ச் பிள்ளைங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. பின்னாடி சிரிப்பு. மணி அடிக்கிற வரைக்கும் போர்டைப் பார்த்தே கணக்குப் போட்டேன்.

புராஸ்டேட் ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம். "கட்டியை எடுத்தாச்சு, பிழைச்சீங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. சரி. இப்படிக் கசியும்னு ஒருத்தராவது சொன்னாங்களா? கையெழுத்து மட்டும் தாள் தாளா வாங்கினாங்க.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டர். ரெண்டு மணி நேரக் காத்திருப்பு, மூணு நிமிஷப் பேச்சு.

"ஐம்பத்தேழு வயசாச்சுல்ல சார். கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். டயப்பர் போட்டுக்கங்க."

வயசா? ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரைக்கும் இதே வயசுதான் எனக்கு.

மெடிக்கல் ஷாப். கல்லாவில் இருந்த அம்மா கடை முழுக்கக் கேக்கிற மாதிரி: "ஆம்பளைக்கா? படுத்த படுக்கையா இருக்காங்களா?"

அப்பாவுக்குன்னு சொல்லிட்டேன். அப்பா செத்துப் பத்தொன்பது வருஷம்.

வாங்க வேண்டியது: ஊதா இங்க், கறுப்பு பேன்ட் ரெண்டு. (இனிமேல் கறுப்புதான்.)

ஜூன் 19, வியாழன்

ஹெச்.எம். கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரு பேரன்ட் வாடை வருதுன்னு சொல்றாங்க. பத்தாம் வகுப்பு வேற. லைப்ரரி பார்த்துக்கங்களேன்? ரெஸ்ட்டா இருக்கும்."

ரெஸ்ட்டாம். முப்பத்தோரு வருஷம் நின்னுக்கிட்டே கணக்குச் சொல்லிக் குடுத்தவன். ஒரு மாசம் டைம் கேட்டேன். யோசிச்சு, சரின்னார். பிச்சை போட்ட மாதிரி.

காலையில் இருந்து தண்ணி குடிக்கலை. உதடு வெடிச்சிருக்கு.

ஜூன் 20, வெள்ளி

பாத்ரூமில் பேன்ட் துவைச்சுக்கிட்டு இருந்தேன். ஸ்டெல்லா பார்த்துட்டா.

"கல்யாணம் ஆனதிலேருந்து ஒரு கர்ச்சீப் துவைச்சதில்லை நீங்க. என்ன நடக்குது?"

சொன்னேன். அழுவான்னு நினைச்சேன். திட்டினா. "ரெண்டு பிள்ளை பெத்தவ நான். சின்னவ பொறந்ததுக்கு அப்புறம் எத்தனை வருஷம் இருமப் பயந்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா? போன வருஷம் ஸ்ரீரங்கத்துல ஒரு பொண்ணுகிட்ட பயிற்சிக்குப் போனேனே, முதுகு வலின்னா நினைச்சீங்க?"

முதுகு வலின்னுதான் நினைச்சேன். ஒரே வீடு, ஒரே பெட். யார் மேல கோபப்படுறது?

ஜூன் 21, சனி

காட்டூர்ல பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல மாறி, ஸ்ரீரங்கம். காவிரிப் பாலத்துல டிராஃபிக், இருபது நிமிஷம். தொடையை இறுக்கிக்கிட்டே.

பிசியோதெரபி பண்ற பொண்ணு வேதவல்லி. முப்பது வயசு இருக்கும். நெத்தியில செவப்பா ஸ்ரீசூர்ணக் கோடு, கையில இடுப்பெலும்பு பொம்மை.

"தண்ணியை நிறுத்திட்டேளா? அதான் தப்பு சார். மூத்திரம் கெட்டியானா பை இன்னும் எரிச்சல்படும். தண்ணியைக் குடிங்கோ, காபியைக் கொறைங்கோ."

பொம்மையை வச்சு விளக்கினா. வழியை மூடி வைக்கிறதுல புராஸ்டேட்டுக்கும் பங்கு உண்டாம். அதை எடுத்துட்டா பாரம் முழுக்க அடியில இருக்கிற தசை மேல. அதைப் பழக்கணும். காத்துப் பிரியாம அடக்குற மாதிரி இறுக்கி, அஞ்சு எண்ணி, விடணும். தடவைக்குப் பத்து, நாளுக்கு மூணு வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. தும்மல் வரப்போகுதுன்னா முன்னாடியே இறுக்கணும்.

"மாசக்கணக்கு ஆகும். நிறையப் பேருக்குக் கொறையறது. கொறையலேன்னா மேல வைத்தியம் இருக்கு. இது வெக்கப்படற விஷயமே இல்லை சார்."

நல்லா இருக்கு. பத்து நிமிஷப் பேச்சு. இதை ஆபரேஷனுக்கு முன்னாடி சொல்லியிருந்தா யாருக்கு என்ன குறைஞ்சிருக்கும்?

ஜூலை 6, ஞாயிறு

மழை வர்ற மாதிரி போக்குக் காட்டிட்டுப் போயிடுச்சு. பூசையில் முழங்கால் போடும்போது இறுக்கினேன். எழுந்திரிக்கும்போதும். ஃபாதர் பிரசங்கம் ஒண்ணும் ஏறலை, எண்ணிக்கிட்டு இருந்தேன்.

முன்னாடி ஒரு நாளைக்கு நாலு டயப்பர். இப்ப ரெண்டு.

ஜூலை 18, வெள்ளி

ஸ்டாஃப் மீட்டிங். புது டைம்டேபிள். பத்தாம் வகுப்பு கணக்குக்கு நேரே என் பேர் இல்லை. நான் கேட்ட ஒரு மாசம் நாளைக்குத்தான் முடியுது!

எழுந்து நின்னேன். "ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு மூத்திரம் கசியுது. வைத்தியம் நடக்குது. குறைஞ்சிருக்கு. மூளையில கசிவு இல்லை. வகுப்பை என்கிட்டேருந்து பறிக்கிறதுன்னா நான் பாடம் நடத்துறதுல என்ன குறைன்னு எழுதிக் குடுங்க சார்."

ஹெச்.எம். ஃபேனைப் பார்த்தார். அப்புறம் பேனா எடுத்து அங்கே இருந்த பேரை அடிச்சு, என் பேரை எழுதினார். சாரி சொல்லலை.

சாயங்காலம் வண்டி ஸ்டாண்டுல பி.டி. மாஸ்டர் செல்வராசு பின்னாடியே வந்தார். ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலி. சக்கரை உண்டு.

"சார், எனக்கும்... அவசரமா வரும், அடக்க முடியாது. அம்மாவைப் பார்க்கத் துறையூர் போயி மூணு வருஷமாச்சு. பஸ்ஸுல அவ்வளவு தூரம் உட்கார முடியாது. அம்மாகிட்ட ஸ்கூல்ல வேலைன்னு பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"என்னன்னு சார் சொல்றது?"

மூணு வருஷம்! பெத்த தாயைப் பார்க்காம! எனக்கு வந்த கோபத்துல சத்தம் போட்டுட்டேன்: "முதல்ல டாக்டர், அப்புறம் ஸ்ரீரங்கத்துல எனக்குப் பயிற்சி சொல்லிக் குடுத்த பொண்ணு. நாளைக்கே. ஏழரை மணிக்கு பஸ் ஸ்டாப்புல நில்லுங்க, நான் கூட வரேன்."

"மெதுவா சார். யாராவது கேட்டுடப் போறாங்க."

"கேக்கட்டும்யா."